கிருமியே இல்லாத பண்ணை

அக்கா வீட்டுக்காரருக்கு ‘ஒத்த ஊசி டாக்டர்’ என்று பெயர். எந்த மாடு படுத்தாலும் ஒரே ஊசியில் எழுப்பிவிடுவார் என்று யாரோ எப்போதோ சொல்லப்போக, அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது ஊசி போட்டால் பெயர் கெட்டுவிடும் என்பதையே வைத்தியமாக்கிக்கொண்டார்.

தங்கைக்குக் கால்நடை ஆய்வகத்தில் வேலை. நோய்ப்பட்ட கன்றின் மூக்கில் விட்டெடுத்த பஞ்சுக்குச்சியைக் கிருமி வளர்க்கும் தட்டில் தேய்த்து, சூட்டுப் பெட்டியில் வைத்து, மறுநாள் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வாள். தான் வைத்தியம் பார்க்கும் ஒரு பெரிய பண்ணையிலிருந்து அத்தான் மூன்று முறை குச்சி அனுப்பினார். மூன்று முறையும் தட்டு துடைத்துவைத்தது போல இருந்தது. ‘கிருமி வளரவில்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். பண்ணை முதலாளி அதைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். கன்றுகளுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. இருமின, மூச்சு வாங்கின, நாற்பதில் ஆறு செத்தும் போயின.

“கிருமிதான் இல்லையே, அப்புறம் எதுக்கு மருந்து? காத்து சரியில்ல” என்றார் முதலாளி. அந்தக் காற்றும் நுழையக் கூடாதென்று கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி இறுக்கினார். உள்ளே மூத்திர நெடியில் கண் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் குட்டு உடைந்தது.

“நான் போனதும் முதல்ல ஊசி. அப்புறம்தான் உன் குச்சி கிச்சியெல்லாம்” என்று அத்தான் பெருமையடித்துக்கொண்டார்.

தங்கை சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். “ஊசி போட்டுட்டா குச்சி விட்டீங்க? மருந்து உடம்புல இருக்கறப்ப தட்டுல கிருமி எப்படி வளரும் அத்தான்? ஒரு ஊசிக்கு அது அடங்கும், அழியாது. நீங்க நிறுத்தினதும் திரும்பக் கிளம்பும்.”

“எனக்கே பாடம் எடுக்கறியா?”

“சாப்பிடற எடத்துல சளிப் பேச்சு எதுக்குடி?” என்றாள் அக்கா.

குச்சியோடு வரும் படிவத்தில் ‘முன்பே மருந்து கொடுக்கப்பட்டதா?’ என்று ஒரு கட்டம் உண்டு. மூன்று முறையும் அது காலி. வேறு யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பாள். அத்தான்தானே என்று விட்டுவிட்டாள். ஆறு கன்றுகளில் தனக்கும் பங்குண்டு என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. மிச்சம் முப்பத்துநாலு.

மறுநாள் காலை அத்தான் போவதற்கு முன்னால் அவளே பண்ணைக்குப் போய், இன்னும் ஊசி போடாத நாலு கன்றுகளின் மூக்கில் குச்சி விட்டாள். அடுத்த நாள் தட்டு முழுக்கச் சாம்பல் நிறப் பொட்டுகள். நுரையீரலைக் கெடுக்கும் பாஸ்டுரெல்லா. ‘ஐந்து நாள் விடாமல் மருந்து, தார்ப்பாயை அவிழ்க்கவும்’ என்று எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

முதலாளி இரண்டு தடவை படித்தார். “மூணு ரிப்போர்ட்ல இல்லாத கிருமி, நீ வந்துட்டுப் போன மறுநாள் எப்படிம்மா வந்துச்சு?”

அவள் பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும். அத்தான் அவள் காலைப் பார்த்தார்.

“வெளியாளுங்க செருப்புல ஒட்டிக்கிட்டு வர்றதுதான் சார். உள்ள விட்டிருக்கவே கூடாது.”

பண்ணைக் கேட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டு நின்றபோது அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

ரிப்போர்ட் மட்டும் எப்படியோ அத்தான் சட்டைப்பைக்குப் போயிருந்தது. ஐந்து நாளும் ஊசி போட்டார். கேட்டவர்களிடம், “ஒரே ஊசிதான், பிரிச்சுப் பிரிச்சுப் போடறேன்” என்றார். தார்ப்பாயும் இறங்கியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். “அவர் பொழப்புல மண்ணள்ளிப் போட இருந்தியேடி! நல்லவேளை, நீ கொண்டுவந்து விட்டதை அவர் விரட்டிட்டார்.”

“கன்னுங்க எப்படிக்கா இருக்கு?”

“முப்பத்துநாலும் துள்ளுதாம்.”

தங்கைக்கு உயிர் வந்தது. வயிறும் எரிந்தது.

“அப்புறம், உங்க அத்தான் ஒண்ணு சொல்லச் சொன்னார்” என்றாள் அக்கா. “இனிமேலாவது லேப்லேர்ந்து கிளம்பறப்ப கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவணுமாம்.”