நாலாம் எண் ஆள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஆள் வேண்டும்; உகாண்டாவின் கம்பாலாவில் யாரைப் பிடித்து மாதாமாதம் ஊசி குத்துவது? நாங்களே கையை நீட்டிவிடுவோம். யாருக்கு எந்த எண் என்பது என் மேசை இழுப்பறையோடு சரி, வேறு யாருக்கும் தெரியாது. பதினொரு வருடமாக நாலாம் எண் ஆள் நான்தான். இந்தியா போய்ச் சிறுநீரகம் மாற்றிக்கொண்டு வந்தவர்களை என்னென்ன தொற்று தாக்குகிறது என்று முப்பத்தெட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். எல்லாவற்றின் வரைபடத்திலும் 'ஆரோக்கியமானவர்' என்று ஒரு தட்டைக் கோடு ஓடும். அது நான். பெருமையடிக்க எனக்கு வேறு என்ன இருக்கிறது?

என் தம்பி ஸ்ஸெமாண்டா ஆறு வருடம் என்னோடு பேசவில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்கு வாரிசு யார் என்ற சண்டையில் நான் அப்பாவின் இளைய தாரத்து மகன் பக்கம் பேசினேன், அவ்வளவுதான். போன வருடம் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன. குடும்பத்தில் பொருந்தியது என்னுடையது மட்டும். தருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து தினமும் மாலை ஆறரைக்கு அழைத்தான்.

எங்களவர்கள் எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வரமாட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எப்படி, உங்கள் உழைப்புக்கு நன்றி என்று ஒரு சுற்று வந்தாக வேண்டும். சாகக் கிடந்தாலும் பதில் 'நல்லாத்தான் இருக்கேன்.' அந்த ஒரு சுற்றுக்காக ஐந்து மணியிலிருந்தே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கங்கெட்டவள் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. எனக்கான சோதனைகள் நாலு மாதம் முன்பே முடிந்துவிட்டன. அப்போதுதான் என் புதுக் கட்டுரையை இதழுக்காகப் பரிசீலித்தவர் ஒரு கேள்வி அனுப்பினார்: கடைசி மாதத்தில் நாலாம் எண்ணின் கோடு ஏன் நோயாளிகளின் கோட்டோடு சேர்ந்து ஏறுகிறது?

ஆய்வக உதவியாளர் பிருங்கி சாவகாசமாகச் சொன்னான்: "டாக்டர், அந்த நாலாம் ஆளைத் தூக்கிடுங்க. டிபி வந்த ஆள் மாதிரி இருக்கு. படமே கெட்டுப்போகுது."

இருமலை அடக்கிக்கொண்டு, பார்க்கலாம் என்றேன். மறுநாள் என்னைத் தெரியாத ஒரு மருத்துவமனையில் சளி கொடுத்து, நெஞ்சுப் படமும் எடுத்துக்கொண்டேன். டிபிதான்.

நாலாம் எண்ணைத் தூக்கிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் கொடுப்பவரின் தொற்று வாங்குபவரைக் கொன்றுவிடும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியவள் நான். அப்படியும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவன் உயிருக்காக என்று பொய் சொல்லமாட்டேன். ஆறரை மணிக்காக.

மூன்றாம் நாள் அவன் நலம் விசாரித்ததும் வாய் தானாக 'நல்லாத்தான் இருக்கேன்' என்றது. பிறகு சொல்லிவிட்டேன்.

"அப்ப எப்பக்கா தருவ?"

"ஆறு மாசம் மருந்து சாப்பிடணும். அப்புறமும் ஒத்துக்குவாங்களான்னு தெரியாதுடா."

"சரி, வேற யாரையாவது பார்க்கிறேன்" என்று வைத்துவிட்டான். மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சாவுக்குப் பயந்தவன், பாவம்தான். இருந்தும் எனக்கு ஆத்திரம் வந்தது.

கட்டடத்தில் யாருக்கோ டிபி என்று எல்லாரையும் சோதனைக்கு அனுப்பிவிட்டு விடுப்பு எடுத்தேன். பரிசீலித்தவருக்கு உண்மையை எழுதினேன்: நாலாம் எண் ஆளுக்கு டிபி வந்திருக்கிறது, கோட்டை நீக்கவில்லை.

மூன்று வாரம் வீட்டில் தனியாக மாத்திரை விழுங்கினேன். பிறகு பதில் வந்தது. பரிசீலிப்பவரின் பெயரை யாருக்கும் சொல்லமாட்டார்கள். எந்த நாட்டுக்காரர் என்றுகூடத் தெரியாது. கட்டுரையில் குறையில்லை என்று எழுதிவிட்டுக் கடைசியில் கேட்டிருந்தார்: 'நாலாம் எண் நபருக்கு விஷயத்தைச் சொன்னீர்களா? சிகிச்சை நடக்கிறதா? இப்போது அவர் எப்படி இருக்கிறார்?'

நான் அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லிவிட்டோம், மாத்திரை சாப்பிடுகிறார் என்று அடித்தேன். மூன்றாம் கேள்விக்குக் கை பழக்கத்தில் 'நல்லாத்தான் இருக்கிறார்' என்று அடித்தது. அதை அழித்துவிட்டேன். கேட்ட ஒரே ஆளிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.