உண்மை சொன்னவளுக்கு நாற்காலி இல்லை

“அந்த விதிய எடுத்துடுங்க மேடம்.”

கேட்டே விட்டாள். பணம் கொடுக்கிறவரிடம் எதையும் கேட்கக் கூடாது, சிரித்தபடி நின்றால் போதும் என்று மேலாளர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “கை நீட்டிச் சம்பளம் வாங்குற இடத்துல வாய நீட்டாதடி” என்று அம்மாவும் காலையில் எச்சரித்துத்தான் அனுப்பினாள். அம்மாவுக்கு அந்தப் பயம் நியாயம்தான். வீட்டின் முதல் பட்டதாரிக்கு வேலை போனால், குடும்பம் மறுபடி அம்மாவின் தையல் மிஷினை நம்பித்தான் ஓட வேண்டும்.

டயர்க் கடைக்கு மேலே இருந்த அறை அது. ஜன்னலைச் சாத்தினாலும் ரப்பர் வாடை உள்ளே வந்துவிடும். வளரும் பிள்ளைகள் போதைப் பக்கம் போகாமல் தடுக்க, அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் மாலை மன்றம். அங்கேதான் அவளுக்கு வேலை. பிள்ளைகள் வர இன்னும் நேரமிருந்தது. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் அறக்கட்டளைத் தலைவி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மேலாளர்.

“எந்த விதிம்மா?” என்றார்.

நடிப்பாகத் தெரியவில்லை. அங்கேதான் அவளுக்கு முதல் இடறல்.

“ஒரு தடவையாவது போதையத் தொட்ட பிள்ளைக்கு இங்க இடமில்லங்கிற விதி. பதினாலு வயசு மேடம் அவளுக்கு. வாயத் தொறந்தா வாதம்தான், அதனால குட்டி வக்கீல்னு கூப்பிடுவோம். உண்மையச் சொல்லுங்க, யாரும் திட்டமாட்டோம்னு இதே வட்டத்துல நாந்தான் சொன்னேன். நம்பிட்டா. போதைக்குப் பசைய மோந்து பார்த்திருக்கேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டா. மறுநாள் வாசல்ல நிறுத்தித் திருப்பி அனுப்பினதும் நாந்தான். இப்ப மத்தவங்களக் கேட்டுப் பாருங்க, ஒருத்தரும் தொட்டதே இல்லையாம், அத்தனையும் பால்குடி மறக்காத பிள்ளைங்க!”

தலைவி மேலாளர் பக்கம் திரும்பினார். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே?”

“தடுப்புக்கு மட்டும்தான் பணம்னு சொன்னீங்களே மேடம். தொட்டாச்சுன்னா அப்புறம் எதைத் தடுக்கிறது?”

“தொட்டவங்கள மீட்பு மையம் பார்த்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“அவங்க பதினெட்டு முடிஞ்சாத்தான் சேர்ப்பாங்க.”

“அப்ப நடுவுல இருக்கிற பிள்ளைங்க?”

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். பதில் அங்கே சுற்றிக்கொண்டிருப்பது போல.

அவள் எதிர்பார்த்தது இதுவல்ல. பொல்லாத மனுஷி ஒருத்தி வருவாள், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று கோபத்தை நாள்கணக்கில் ஊறப்போட்டு வைத்திருந்தாள். கம்பை ஓங்கியாகிவிட்டது, பாம்பைக் காணோம். எதிரே இருப்பவர் நல்லவராக வேறு தெரிகிறார். இப்போது யார் மேல் கோபப்படுவது?

“இதுக்கு ஏம்மா இவ்வளவு?” தலைவி அவள் கையைப் பிடித்தார். “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்னு அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லட்டும். நாளைக்கே வந்து உட்காரலாம்.”

“அதான் மேடம்!” மேலாளருக்கு உயிர் வந்தது. “ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்க.”

முடிந்துதான் போனதா? அந்தப் பெண் உள்ளே வர வேண்டும், அவ்வளவுதானே வேண்டியிருந்தது? வெளியே நிற்கும் ஒவ்வொரு நாளும் அவளைப் பழைய கூட்டத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நேற்றுகூட அவளைச் செருப்புப் பட்டறைக்குப் பின்னால் இவள் பார்த்தாள். கண் சிவந்து, யாரோ தெரியாதவளைப் பார்ப்பது போல இவளைப் பார்த்தாள் அந்தப் பெண். ஒரு பொய் சொன்னால் என்ன குடிமுழுகிப் போகும்? சரி என்று தலையாட்டக்கூடச் செய்தாள்.

ஆட்டும்போதே, வாசலில் திருப்பி அனுப்பிய அன்று அந்தப் பெண் கேட்டது நெஞ்சில் குத்தியது. “அக்கா, அப்ப நான் பொய் சொல்லியிருக்கணுமா?” இன்று போய், ஆமாம் கண்ணு, என்று சொல்லச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு இந்த வட்டத்தில் உட்கார்ந்து யார் எதை வாய்விட்டுச் சொல்வார்கள்?

கையை விடுவித்துக்கொண்டு பையை எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் மேலாளர்.

“குட்டி வக்கீலக் கூட்டிட்டு வர.”

“அப்பாடா. என்ன சொல்லணும்னு வழியிலயே சொல்லிக் கொடுத்துடு.”

“ஒண்ணும் சொல்லிக் கொடுக்கப் போறதில்ல சார். அவ சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். அப்படியேதான் வந்து உட்காருவா.”

“பணம் நின்னுடும்! உன் வேலையும் சேர்ந்து போகும்!”

“யாரு நிறுத்துவா? மேடமா?”

“நான் எதுக்கும்மா நிறுத்தப் போறேன்?” தலைவி பதறினார். “ஆனா அறங்காவலர்கள் இருக்காங்க... இவரும் அவங்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தாகணும்...”

“நான் என்னன்னு மேடம் எழுதுறது? நீங்க சொன்னாத்தானே?”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விதி யாருடையது என்பது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. விளங்கும் வரை அந்தப் பெண் பட்டறைக்குப் பின்னால் நிற்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.