பலூனுக்குப் போடாதீர்கள்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. விழுப்புரம் தொகுதி இதுவரை எப்படியெல்லாம் வாக்களித்திருக்கிறது என்று ஒரு பத்திரிகையில் எழுதித் தரச் சொன்னார்கள். பழைய முடிவுகளைப் புரட்டினேன். வென்றவர்களையும் தோற்றவர்களையும் எழுத ஆள் உண்டு. என் கண் கடைசி வரிகளில் போய் நின்றது: சுயேச்சைகள். அதிலும், பெரிய வேட்பாளரின் பெயரையே வைத்திருப்பதால், வாக்காளரைக் குழப்புவதற்கென்று நிறுத்தப்படுகிறவர்கள். அப்படி ஒருவன் வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? கட்டுரை அங்கேயே நின்றுவிட்டது.

(தொகுதி உண்மை. இனி வரும் ஆட்கள், எண்கள், தேர்தல் எல்லாம் என் கற்பனை.)

2

முதல் தொடக்கம்: "ஜனநாயகத்தின் இருண்ட மூலையில் மாசிலாமணி என்றொரு" — திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் எழுதியது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோது அடித்துவிட்டேன்.

இரண்டாவது: விழுப்புரத்தில் மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தான் மாசிலாமணி. சட்டமன்றத்துக்குப் போட்டியிட்ட முன்னாள் கவுன்சிலர் பெயரும் மாசிலாமணி. இனிஷியலும் ஒன்றே. கவுன்சிலரைத் தோற்கடிக்க வேலை செய்துகொண்டிருந்த தேவா, கடைக்கு வந்தான். மாசிலாமணியின் மகள் அருணாவுக்குக் காலேஜில் இடம் வாங்கித் தந்தவன் அவன்.

"சும்மா நில்லுண்ணா. எங்கியும் போவ வேணாம், ஒண்ணும் பேச வேணாம். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

செய்த உதவி கண்முன் நின்றது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. (இங்கே அவன்மேல் எனக்குச் சந்தேகம். தன் முகமும் ஓட்டு மெஷினில் வரட்டும் என்று உள்ளூர ஓர் ஆசை இருந்திருக்காதா? எழுதினால் வாசகருக்கு அவனைப் பிடிக்காமல் போகுமோ? போகட்டும். இருந்தது.)

3

வாபஸ் வாங்கும் நாள் முடிந்து, பலூன் சின்னமும் கிடைத்த பிறகுதான் மனைவி சின்னபொண்ணுக்குத் தெரிந்தது.

"வெள்ளத்துல தெருவே முங்கிக் கெடந்தப்ப படகு எடுத்துக்கினு வந்தது யாரு? அந்த மனுசனக் கவுக்கறதுக்கா ஒங்களுக்கு இந்தப் பேரு வச்சாங்க?"

"தேவா கேட்டான். எப்டி இல்லன்றது..."

"அவன் கேட்டா? தெருவுல நான் எப்டித் தல காட்டுவேன்? நல்ல பேஜாரு!"

அதோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

4

மறுநாள் மாசிலாமணி கடையைத் திறக்கவில்லை. வீடு வீடாகப் போனான்.

"நாந்தாங்க பலூன் மாசிலாமணி. எனக்குப் போட்டுடாதீங்க. கவுன்சிலர் வேற, நான் வேற. படத்தப் பாத்துப் போடுங்க."

வளவனூரில் ஒரு கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்ளோ நேர்மையா எவன் வந்து கேட்டான்? ஒனக்கேதான் போடப் போறேன்!"

"ஐயோ, வேணாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.

தேவா போனில் கத்தினான். "இன்னா பண்ணிக்கினு இருக்க நீ?"

"நிக்கச் சொன்ன, நின்னுட்டேன். வாய மூடிக்கினு இருக்க என்னால ஆவாது தேவா."

சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினான்.

5

வாக்கு எண்ணிக்கை நாள்.

ஒரு முடிவு: கவுன்சிலர் முந்நூறு ஓட்டில் தோற்கிறார், பலூனுக்கு ஆயிரம் ஓட்டு. மாசிலாமணி அன்று மாலை ரயில் நிலையத்துக்குப் போய் — இல்லை. இதை எழுதிவிட்டு எனக்கே சோறு இறங்கவில்லை.

இன்னொன்று: கவுன்சிலர் ஜெயிக்கிறார். வசதியாக இருந்ததால் நம்ப முடியவில்லை.

நடந்தது இது. கவுன்சிலர் தோற்றார். அருணா போனைப் பார்த்துப் படித்தாள். "பதினோராயிரம் ஓட்டு வித்தியாசம்ப்பா. ஒனக்கு நானூத்திப் பன்னண்டு."

"நல்லாப் பாரு. எனக்கு எம்மாம்?"

மறுபடி படித்தாள். மாசிலாமணி சுவரில் சாய்ந்து அழுதான். நல்ல மனிதர் தோற்ற நாளில் தன் நெஞ்சு இப்படி லேசாவது அவனுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தாலும் லேசாகத்தான் இருந்தது.

"நம்மால இல்லங்க" என்றாள் சின்னபொண்ணு. ('உங்களால இல்ல' என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். அவள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.) "எழுந்து சாப்ட வாங்க."

6

சோறும் மல்லாட்டைத் துவையலும் (வேர்க்கடலைக்கு அங்கே அந்தப் பெயர்). இரண்டு வாய் உள்ளே போயிருக்கும். தெருவில் ஜீப் நிற்கிறது. தோற்ற கவுன்சிலர், ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறார். இறங்கியதும், மிக்ஸிக்காரர் வீடு எது என்று கேட்கிறார். சின்னபொண்ணு கதவைத் திறக்கிறாள்.

அவர் என்ன சொல்வார்? மூன்று விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். அன்றைக்குத்தான் தோற்ற ஒருவர் வாயில் என் சொல்லைத் திணிக்க மனம் வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். கோபமோ சிரிப்போ, உங்கள் விருப்பம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மாசிலாமணி பதறிப்போய்க் கை கழுவ எழுந்திருக்கப் பார்க்கிறான். அவனை உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டு முடிக்கட்டும்.