ஹாலுக்கு மேலே நைனா முகமது

நைனா முகமதுவுக்குத் தன் வீட்டு ஓட்டுக்கூரை மீது எந்த மனத்தாங்கலும் கிடையாது. அதற்குக் கீழே அடித்த சீலிங் மீதுதான் கோபம். ஓட்டையும் ஒட்டடையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு எத்தனை நாள் படுப்பது என்று அவர் மனைவி ஷாஹீதா நச்சரித்து, போன வருஷம் ஹால் முழுக்க வெள்ளை ஜிப்சம் சீலிங் போட்டாகிவிட்டது. கல்யாண மண்டபம் மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. முதல் மழைக்கே வடக்கு மூலையில் டீக்கறை போல ஒரு வட்டம் விழுந்தது. மேலே எங்கோ ஓர் ஓடு விலகியிருக்கிறது. வெளியிலிருந்து ஏறினால் நல்ல ஓடும் நொறுங்கும். உள்ளே, சீலிங்குக்கு மேலே தவழ்ந்து போய்ச் சரிசெய்யலாம் என்றால் அந்த ஜிப்சம் பலகை பூனையைத் தாங்குமே தவிர ஆளைத் தாங்காது.

இத்தனைக்கும் அவர் இரும்புக்கடைக்காரர். ஊருக்கெல்லாம் ஆணியும் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவர் வீட்டில் ஒழுகுகிறது என்றால் பள்ளிவாசலில் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே காரியத்தில் இறங்கினார். ஹாலின் நடுவில், சீலிங்கில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சதுர மூடி இருந்தது. அங்கிருந்து வடக்கு மூலை வரைக்கும், குறுக்கே ஓடும் உத்தரங்களின் மேல் பலகைகளை வரிசையாக முடுக்கி ஒரு பாதை போட்டுவிட்டால் தீர்ந்தது. இனி எந்த ஓடு விலகினாலும் ராஜா மாதிரி நடந்து போகலாம். ராஜா மண்டி போட்டுத்தான் போக வேண்டியிருக்கும், அது வேறு விஷயம்.

மகள் நுஸைபா அலுமினிய ஏணியில் பாதி ஏறி நின்று பலகைகளை எடுத்துக் கொடுத்தாள். பி.பார்ம் படிக்கிறாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

"அத்தா, இன்னைக்கு வாரவுக சும்மா பாத்துட்டுப் போகத்தான வாராக?"

"சும்மாதாம்மா."

"முடிவெல்லாம் பேச மாட்டாகல்ல?"

"நீ படிச்சு முடிக்காம இந்த வீட்ல எவனும் கல்யாணப் பேச்சு எடுக்க முடியாது. நான் இருக்கேன்ல?"

வாயில் நாலு திருகாணியைக் கவ்விக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மனசாரச் சொன்னார். நுஸைபா சிரித்துக்கொண்டே கடைசிப் பலகையையும் நீட்டிவிட்டு உள்ளே போனாள்.

திருமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகத்தான் பேச்சு. அவர்கள் வழக்கத்தில் முதல் தடவை பெண்கள் மட்டும்தான் வருவார்கள். அந்த நேரத்தில் பெண் வீட்டு ஆண்கள் கண்ணில் படாமல் எங்காவது கிளம்பிவிட வேண்டும். மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டு அப்படியே கடையில் உட்கார்ந்துவிடலாம் என்று நைனா முகமது திட்டம் போட்டிருந்தார். திட்டத்துக்கு என்ன, யார் வேண்டுமானாலும் போடலாம். வடக்கு மூலையில் விலகிய ஓட்டைத் தள்ளி உட்கார வைத்துவிட்டு, கடைசிப் பலகையை அவர் முடுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் வேன் வந்து நின்றது.

"என்னங்க, வந்துட்டாக! அல்லாவுக்காகச் சத்தம் காட்டாதீங்க!"

ஷாஹீதாவின் குரல்தான். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏணி போய்விட்டது. துடைப்பக்கட்டையின் நுனியால் அவள் மூடியைத் தள்ளிச் சாத்த, ஹாலின் வெளிச்சமும் போய்விட்டது. "வேன் சும்மா நின்னுச்சு மச்சி, வெயிலுக்கு முந்தி வந்துருவோம்னு வந்துட்டோம்" என்று கீழே ஒரு கனத்த குரல் கேட்டது. மாப்பிள்ளை ஜுல்பிகரின் தாயார் அமீருன்னிசா. கூட இரண்டு மூன்று பெண்கள்.

"அவுக கடைச் சோலியா வெளிய போயிட்டாக" என்று ஷாஹீதா கூசாமல் சொன்னாள்.

ஆக, நைனா முகமது வீட்டில் இல்லை. இல்லாத மனுஷன் எப்படி இறங்கி வருவார்? அன்னியப் பெண்கள் முக்காட்டைத் தளர்த்திவிட்டு உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே, லுங்கியும் பனியனுமாக ஒரு ஆண் மண்டி போட்டு நிற்கிறான் என்று தெரிந்தால் மானம் என்னாவது? அவர் பலகை மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். முதுகுக்கு மேலே மதுரை வெயில் ஓட்டை வறுத்துக்கொண்டிருந்தது. மூக்கில் தூசி. தும்மல் வந்தபோது மூக்கை இறுகப் பிடித்துக் கண்ணில் தண்ணீர் வர அடக்கினார். வியர்வை சொட்டிச் சீலிங்கில் இன்னொரு வட்டம் விழுந்துவிடுமோ என்று தோள் துண்டை முகத்துக்கடியில் விரித்துக்கொண்டார். சொந்த வீட்டில் இப்படிக் கிடக்கிறோமே என்று அழுகை வந்தது.

கீழே பேச்சு வளர்ந்தது. அமீருன்னிசாவுக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துப்போய்விட்டது. "இந்தப் புள்ளய விட்டா எனக்கு இனிமே எங்கிட்டுத் தேடினாலும் கெடைக்காது மச்சி" என்றாள். நல்ல மனுஷிதான், குரலிலேயே தெரிந்தது. பிறகு சொன்னாள்: "ஜுல்பிகருக்கு லீவு முடியப்போகுது. அடுத்த மாசமே நிக்காஹ வச்சிருவோம். படிப்பு கெடக்கு. எங்க வீட்டு மருமகள வேலைக்கா அனுப்பப் போறோம்?"

ஷாஹீதா மறுத்துச் சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். "உங்க வீட்டுப் புள்ள, நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள் ஷாஹீதா.

"அத்தாட்ட ஒரு வார்த்த கேக்கணும்மா" என்றாள் நுஸைபா. தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னாள். அது மேலே வீசிய வார்த்தை என்று அவருக்குத் தெரியாதா?

"அத்தா வேணாம்னா சொல்லப் போறாக? சீனி எடுத்துட்டு வாங்க மச்சி" என்றாள் அமீருன்னிசா.

அவர்கள் வகையில் மாப்பிள்ளையின் தாய் பெண் வாயில் சீனி ஊட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றிப் பேசினால் ஜமாத் மூஞ்சியில் முழிக்க முடியாது. அவர் தவழ ஆரம்பித்தார். பலகை ஒன்றுகூடக் கிறீச்சிடவில்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறதே என்று அந்த நேரத்திலும் ஒரு அற்பப் பெருமை. மூடியின் விளிம்பில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. பார்க்கக் கூடாதவர்களைப் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூடியில் மூன்று தட்டுத் தட்டினார்.

கீழே பேச்சு நின்றது.

"மரநாய்" என்றாள் ஷாஹீதா. "பகல்னும் பாக்காது ராத்திரின்னும் பாக்காது, ஒரே தொந்தரவு."

"எங்க வீட்லயும் கெடக்கு மச்சி" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், அவருக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. நாம் தட்டினோம், நம் கடமையைச் செய்தோம், அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் நாம் என்ன செய்வது?

"கொஞ்சம் இருங்க மாமி" என்றாள் நுஸைபா. "அது மரநாய் இல்ல. எங்க அத்தா. சீலிங் வேல பாக்க ஏறுனவுக எறங்க முடியாம இருக்காக. அத்தா, நீங்களே சொல்லுங்க. அடுத்த மாசம் வேணுமா, நான் படிச்சு முடிக்கணுமா?"

துணிகள் சரசரத்தன. முக்காடுகள் இழுத்து மூடப்பட்டன. பிறகு ஹாலே மூச்சுவிடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தவருக்கும் அது தெரிந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார் நைனா முகமது, சீலிங்குக்கு மேலிருந்து.

"வ அலைக்கும் ஸலாம்" என்று கீழே பழக்கத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

இப்போது சொல்ல வேண்டும். புள்ள படிக்கட்டும் என்று இரண்டே வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவருக்கு வெட்கம் பிடுங்கியது, பயமாகவும் இருந்தது. பெண்கள் இருக்கிற இடத்துக்கு மேலே ஒளிந்து கிடந்தவன், வந்த விருந்தாளியின் கையில் இருக்கிற சீனியையும் தட்டிவிட்டான் என்று திருமங்கலம் முழுக்கப் பேசுவார்களே. எப்படியாவது இந்த நிமிஷம் கழிந்தால் போதும் என்றிருந்தது.

"நான் என்ன சொல்ல இருக்கு?" என்றார். "பெரியவுக நீங்க பாத்துச் செஞ்சாச் சரிதான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் அமீருன்னிசா. "வாயத் தெற புள்ள."

சீனிக் கிண்ணத்தில் கரண்டி உரசியது. பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் சலசலவென்று பேச ஆரம்பித்தார்கள். ஷாஹீதா சந்தோஷத்தில் அழுதாள். டம்ளர்கள் மோதின. அவர் பலகையில் நெற்றியை வைத்து அப்படியே கிடந்தார். இறங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

வேன் கிளம்பிப் போன பிறகுதான் மூடி திறந்தது. நுஸைபாதான் ஏணியைச் சாத்தியிருந்தாள்.

"எறங்குங்கத்தா. வேர்த்துக் கொட்டுது."

அவர் இறங்கவில்லை. முகத்தை மட்டும் நீட்டி, அவசர அவசரமாகப் பேசினார். "நாளைக்கே நான் திருமங்கலம் போறேம்மா. அவுக வீட்டு ஆம்பளைகளோட உக்காந்து, ஒரு வருஷம் பொறுத்துத்தான் ஆகணும்னு கறாராச் சொல்லிட்டு வாரேன். நீ பாரு."

நுஸைபா அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"எதுக்குத்தா வீண் அலைச்சல்?" என்றாள். "அங்க போனாலும் நீங்க இதத்தான் சொல்லுவீங்க."

சொல்லிவிட்டு ஏணியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பாத்துக் கால வைங்க."