நாற்பத்தேழாம் எண் மரம்

கமலநாதன் சார் டேப்பின் தப்பான பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

மரம் அளக்கும் டேப்புக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் சாதாரண சென்டிமீட்டர். மரத்தைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவு தெரியும். மறுபக்கத்தில் கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். அதே மாதிரி சுற்றினால் மரத்தின் குறுக்களவையே நேராகச் சொல்லிவிடும். அளவுப் புத்தகத்தில் எழுத வேண்டியது குறுக்களவு. காட்டில் ஒருநாள் வேலை செய்தவனுக்குக்கூட இது தெரியும்.

"நூத்தி முப்பத்திரண்டு!" என்று கத்தினார்.

"நூத்தி முப்பத்திரண்டு!" என்று நானும் கத்தினேன்.

"ஓகே!"

எழுதினேன். அந்த மெராந்தி மரத்தைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் மறுபக்கம் ஒன்றையொன்று தொடும். குறுக்களவு நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போகாது. ஆனால் விதி அப்படி. அளப்பவர் எண்ணைக் கத்த வேண்டும், எழுதுபவர் திரும்பக் கத்த வேண்டும், அளப்பவர் ஓகே சொன்ன பிறகுதான் பேனா தாளைத் தொடலாம். எழுதுபவர் சொந்தக் கருத்து எதையும் சேர்க்கக் கூடாது. எனக்கு அந்த விதி அன்றைக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாதை வெட்டும் லெட்சுமணன் அண்ணன் பாரங்கத்தியோடு பக்கத்தில் நின்றார். அவர் கண் டேப்பின் மேல் போனது. வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

மூடியே இருக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திறக்க வேண்டிய வாய் அது.

நான் யோகேஸ்வரி. கூலாய்ப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் அப்பாவுக்கு எண்ணெய்க் குலை வெட்டும் வேலை. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். வனவியல் படித்தேன். "செம்பனையில இல்லாத மரமா, அதைப் போயி ஏன் படிக்கிற?" என்று தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் கேட்டான். படித்து முடித்து குளுவாங்கில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கமலநாதன்தான் மேலாளர். "நம்ம ஆளுங்க பிள்ளை, நான் பாத்துக்கறேன்" என்று அப்பாவிடம் போனில் சொன்னார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்.

கம்பெனியின் வேலை இதுதான். மழைக்காடு உள்ள ஏழு நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. எங்கள் காட்டை நாங்கள் அளவோடுதான் வெட்டுகிறோம், வெட்டியது திரும்ப வளர்கிறது என்று எல்லா நாடும் சொல்லும். வாயால் சொன்னால் போதாது, அளந்து காட்டு என்றது திட்டம். எல்லா நாட்டிலும் தரையிலிருந்து ஒரே உயரத்தில், ஒரே முறையில், அதே மரங்களை வருஷா வருஷம் அளக்க வேண்டும். ஒரு நாட்டின் அளவை இன்னொரு நாட்டுக்காரர் வந்து சரிபார்ப்பார். குளுவாங்கிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் போனால் எங்கள் பிளாட். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர், தகர எண் அடித்த தொண்ணூற்றாறு பெரிய மரங்கள்.

முதல் வருஷம் நானும் லெட்சுமணன் அண்ணனும் அளந்தோம். இரண்டாம் வருஷமும் நாங்கள்தான். அது மழை ஏமாற்றிய வருஷம். இருபத்திரண்டு மரங்களின் அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. நான்கு செத்திருந்தன. குறைந்ததைக் குறைந்தது என்று எழுதினேன். செத்ததைச் செத்தது என்று எழுதினேன்.

கமலநாதன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "என்னம்மா இது? மரம் சுருங்குமா? சட்டையா அது, துவைச்சா சுருங்குறதுக்கு?"

"சுருங்கும் சார். தண்ணி இல்லாட்டி அடிமரம் கொஞ்சம் இறுகும். மழை வந்தா திரும்பிடும்."

"எனக்கே பாடமா? காட்டுக்குப் போகாம ரோட்டோரக் கடையில உக்காந்து எழுதினா இப்படித்தான் வரும்."

லெட்சுமணன் அண்ணனை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடித்தவர் அவர். தொண்ணூற்றாறு மரத்திலும் என்னோடு அட்டைக்கடி வாங்கியவர். "எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றார். என் பெயரைப் போட்டு, அளவுகளைக் கற்பனையாக எழுதியவர் என்று கடிதம் அடித்து வேலையை விட்டு அனுப்பினார்கள். இந்தத் தொழிலில் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். ஒரு கடிதம் போதும். எங்கே மனுப் போட்டாலும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சினாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மண்டோர்தான் கேட்டான்: "டிகிரி வாங்குனது பெட்டி ஒட்டவா?"

அன்றைக்கு முடிவு செய்தேன். என் வேலை திரும்ப வருவது இருக்கட்டும், அந்த ஆள் விழ வேண்டும்.

திட்டத்தின் எண்கள் எல்லாம் இணையத்தில் திறந்து கிடக்கும். மூன்றாம் வருஷ எண்களைப் பார்த்தேன். நான்காம் வருஷத்தையும் பார்த்தேன். ஒரு மரம்கூடச் சுருங்கவில்லை. ஒரு மரம்கூடச் சாகவில்லை. நான் செத்தது என்று எழுதிய நான்கும் எழுந்து நின்று வருஷத்துக்கு அரை சென்டிமீட்டர் பெருத்திருந்தன. ஏசி அறையில் வளர்த்த காடு. திட்டத்தின் சரிபார்ப்புக் குழுவுக்கு எழுதினேன். கானா நாட்டிலிருந்து அபெனா என்பவர் பதில் போட்டார். மூன்றே கேள்வி. மூன்றுக்கும் எண்ணோடு பதிலும், என் இரண்டாம் வருஷப் புத்தகத்தின் நகலும் அனுப்பினேன்.

விதியில் இரண்டு வரி எனக்காகவே எழுதியது போல இருந்தன. முதல் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரைச் சரிபார்ப்புக்கு எழுத்தராகக் கூப்பிடலாம். கடைசிப் புத்தகத்தில் 'அளந்தவர்' என்று கையெழுத்துப் போட்டவர், தன் கையாலேயே திரும்ப அளந்து காட்ட வேண்டும். திட்டத்தின் மாநாட்டு மலரில் பெயர் வர வேண்டும் என்று கமலநாதன் அளந்தவர் இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டிருந்தார்.

அப்படித்தான் அன்று காலை அபெனாவையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் காட்டில் நின்றோம். எண்களை அபெனாவுக்காக இங்கிலீஷில் கத்தினோம். எங்களுக்குள் பேசியது தமிழில். அது அவருக்குப் புரியாது.

ஏழாவது மரத்தில் அபெனா கையை உயர்த்தினார். "மிஸ்டர் கமலநாதன், எந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள்?"

அவர் டேப்பைத் திருப்பிப் பார்த்தார். திரும்பவும் திருப்பினார். காது நுனி சிவந்தது. "அலமாக்... இது புது மாடல் போல."

"நாலு வருஷமா இதே டேப்தான் சார்" என்றேன் தமிழில். "பிடியில நான் சிவப்புப் பெயிண்ட்ல எழுதின என் பேரு இன்னும் இருக்கு பாருங்க."

அபெனா ஏழு மரத்தின் எண்ணையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. தன் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். கமலநாதன் குனிந்தார், வேரில் தடுக்கினார், முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டார். ஒவ்வொரு எண்ணையும் அவர் வாயால் கத்த வைத்து, திரும்பக் கத்தினேன். பத்து மணிக்குள் அவர் குரல் கம்மிப்போனது.

"சத்தமா சார். விதி."

நாற்பத்தேழாம் எண்ணுக்கு வந்தோம். எண் அடித்த தகரம் இருந்தது. தரையில் கிடந்த மரத்தில் இருந்தது. ஒரு கெருயிங் மரம், உள்ளே கூடாகி, தலைகுப்புற விழுந்து கிடந்தது. கடைசிப் புத்தகத்தில் அது ஐம்பத்தொன்று புள்ளி ஆறு சென்டிமீட்டர், ஆரோக்கியமாக நிற்கிறது.

"எண்ணைச் சொல்லுங்க சார்" என்றேன்.

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் பெரிய புயல்" என்றார் அபெனாவிடம். "அதில் விழுந்திருக்கும்."

அபெனா உட்கார்ந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். உடைத்து முகர்ந்தார். "உள்ளே முன்பே உளுத்த மரம். போன மாதம் விழுந்ததா, மூன்று வருஷமா என்று இதை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாது" என்றார். "சாப்பிட்டுவிட்டு உங்கள் மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்பேன்."

நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். அபெனா ஓடைப் பக்கம் கை கழுவப் போனார். கமலநாதன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை என் பெயரைச் சொன்னார்.

"யோகேஸ், பழசை மனசுல வச்சுக்காதம்மா."

"எங்க வைக்கணும் சார்?"

"புயல்ல விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நானும் பார்த்தேன்னு சொல்லு. உன் பேரை நான் க்ளியர் பண்ணிடறேன். லெட்டர் தரேன், லா."

"எப்போ?"

"திங்கட்கிழமை ஆபீசுக்கு வா."

"இப்போ" என்றேன். புத்தகத்தின் கடைசியில் ஒரு வெள்ளைத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். "இங்கயே எழுதுங்க. இங்கிலீஷ்ல."

லெட்சுமணன் அண்ணன் அந்தப் பக்கம் சோறு உருட்டிய கை அப்படியே நின்றது.

கமலநாதன் என்னைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். பேனாவை வாங்கிக்கொண்டார். நான் சொன்னேன், அவர் எழுதினார். யோகேஸ்வரியின் மேல் போட்ட குற்றச்சாட்டு தவறு. அவர் இரண்டாம் வருஷம் காட்டுக்கு நேரில் போய் அளந்தார். தொண்ணூற்றாறு மரங்களுக்கும் அவர் எழுதிய விவரம் முழுவதும் உண்மை. தேதி, கையெழுத்து, முழுப் பெயர்.

"போதுமா?" என்றார். வேர்வையைத் துடைத்தார். ஒரு மாதிரி சிரித்தார். "கெட்டிக்காரி லா நீ."

அதைப் படித்தேன். இரண்டு வருஷம் தபாலில் எதிர்பார்த்த கடிதம். மனசு இளகும் என்று நினைத்திருந்தேன். இளகவில்லை.

அபெனா வந்தார். முதலில் என்னைக் கூப்பிட்டார். நான் தள்ளிப் போகவில்லை. கமலநாதன் காதில் விழட்டும் என்று அங்கேயே நின்று, இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"இந்தக் கடிதம் இப்போது இவர் கையால் எழுதியது. இரண்டாம் வருஷம் நான் எழுதியது எல்லாம் உண்மை என்கிறார். என் இரண்டாம் வருஷப் புத்தகத்தின் நகல் உங்களிடம் இருக்கிறது. நாற்பத்தேழாம் எண்ணைப் பாருங்கள்."

அபெனா பையிலிருந்து எடுத்தார். விரலை ஓட்டினார். நாற்பத்தேழு: செத்தது, விழுந்து கிடக்கிறது.

கமலநாதனுக்குப் புரிய மூன்று நொடி ஆனது. அந்த மூன்று நொடியையும் நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். என்னைக் காப்பாற்றுகிற வரியும் அவரைக் கவிழ்க்கிற வரியும் ஒரே வரி. அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

"இவள் ஏமாற்றி எழுத வைத்தாள்!" என்று இங்கிலீஷிலேயே கத்தினார். அன்று அவர் கத்தியதிலேயே அதுதான் பெரிய சத்தம்.

"அப்படியானால் கடிதம் பொய்யா?" என்று அபெனா கேட்டார். "பொய் என்றால், அதை ஏன் எழுதினீர்கள்?"

அபெனா லெட்சுமணன் அண்ணன் பக்கம் திரும்பினார். அவர் கைகட்டி எழுந்தார். உடைந்த இங்கிலீஷில் சொன்னார், இரண்டாம் வருஷமே இந்த மரம் கீழேதான் கிடந்தது, மூன்றாம் நான்காம் வருஷம் யாரும் காட்டுக்கு வரவில்லை, வருகைத் தாளில் மட்டும் தன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, இப்ப சொல்லிட்டேன்."

"ஆமா அண்ணே. இப்ப சொல்லிட்டீங்க."

"எனக்கு ரெண்டு பொண்ணு. அன்னைக்கு வேலை போயிருந்தா..."

"எங்க அப்பாவுக்கும் ஒரு பொண்ணு."

அவர் தலையைக் குனிந்தார். அவரை மன்னித்ததாக யாராவது எழுதினால் அது பொய். இந்த வருகைத் தாளால் அவர் வேலையும் போகும், எனக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

கமலநாதன் கிழிந்த சட்டையோடு ஹைலக்ஸ் வண்டி நிற்கும் திசையில் நடந்தார். நாலடி போனதும் அபெனா கூப்பிட்டார், குரலை உயர்த்தாமல்.

"மிஸ்டர் கமலநாதன், பிளாட் இன்னும் முடியவில்லை. பாதியில் போனால், மறுத்தார் என்று எழுதுவேன். ஏழு நாட்டுக்கும் போகும்."

அவர் நின்றார். திரும்பி வந்தார். டேப் கெருயிங்கின் மேல் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்தான்.

"இன்னும் நாற்பத்தொன்பது மரம் இருக்கு சார்" என்றேன். "குறுக்களவுப் பக்கம். சத்தமா."