மாசக் கடைசிக்குள் முடிக்க வேண்டிய கிணறு

குஜிலியம்பாறைப் பக்கம் போர்வெல் லாரியில் வேலை பார்த்த என் கணவர் பெருமாள்சாமியும் அவருடைய கூட்டாளி பொன்னழகும், கடலுக்குள் எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடைக்கு வேலைக்குப் போனார்கள். கரையிலிருந்து ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். இருவருக்கும் நீச்சல் தெரியும். ஆனால் அது தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல்.

ஒருநாள் டிவியில் செய்தி வந்தது. கடற்கரையைக் காப்பாற்ற, கரையை ஒட்டிய கடலில் மாசக் கடைசிக்கு மேல் யாரும் எண்ணெய்க்குத் துளை போடக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டுவிட்டது. அவர் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எனக்குச் சந்தோஷம். சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"சந்தோசப்படாத மேகலை. அதுக்குள்ள முடிக்கணும்னு சூப்பர்வைசர் பேய் புடிச்ச மாதிரி நிக்கிறான். தூக்கமே இல்ல."

பிறகு சிரித்தார். "நேத்து சேறு தானா மேல வந்துச்சு. நம்ம பொன்னழகுப் பய ஊர் நெனப்புல, 'வந்துருச்சுடோய்'னு கையத் தட்டிட்டான்! பக்கத்துல நின்னவரு பொடனியில ஒண்ணு வச்சாரு."

எங்கள் ஊரில் சேறு பொங்கினால் தண்ணீர் கிடைத்தது என்று அர்த்தம். மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுப்போம்.

"அங்க பொங்குனா என்னங்க?"

சிரிப்பு நின்றது. "கீழருந்து வாயு தள்ளுதுன்னு அர்த்தம். தொளைய மூடிட்டு ஓடணும்."

"வந்துருங்க. இப்பவே."

"மாசம் முடியட்டும். வாரேன்."

அதன்பிறகு போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். கடைசியில் ஆம்புலன்ஸ்தான் வந்தது. முன்சீட்டில் கையில் கட்டோடு பொன்னழகு. பின்னால் வெள்ளைத் துணி சுற்றி அவர். மறுபடி சேறு பொங்கியதாம். மூடச் சொல்லி இவர் கத்தினாராம். மூடினால் நாள் வீணாகும், பொறு என்றாராம் சூப்பர்வைசர். பொறுத்த நேரத்தில் தீப்பிடித்துவிட்டது.

உத்தரவு அமலுக்கு வந்தது. அந்தக் கிணற்றை அடைப்பதற்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார்கள். அடைக்காவிட்டால் எண்ணெய் கரைக்கு வந்துவிடுமாம். பழகிய ஆட்கள் வேண்டும் என்று, கைக்காயம் ஆறியதும் பொன்னழகைக் கூப்பிட்டார்கள். அவன் மனைவி மாயம்மாள் ஒரு பையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, அவரு கார்டு இதுலதான் இருக்கு. இது இல்லாம ஹெலிகாப்டர்ல ஏத்த மாட்டாங்க. ஒளிச்சு வையி. கேட்டா பாக்கலேன்னு சொல்லிரு."

"எனக்குப் பொய் வராதுடி. மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்."

"அந்தத் தீக்குப் பெறகு ஒம் மூஞ்சிய அவரு நிமிந்து பாத்தாத்தானக்கா?"

பையைச் சோளம் வைத்திருந்த தகர டிரம்முக்குள் அமுக்கினேன். சற்று நேரத்தில் வாசலில் பைக் நின்றது. பொன்னழகு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மதினி, என் பையப் பாத்தீங்களா?"

"இல்லப்பா."

அவன் போகவில்லை. நான் டிரம்மின் மூடியை அழுத்த, அது சத்தம் போட்டது.

"யாராச்சும் போயி அடைக்கணும்ல, மதினி."

அந்த மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.