மைத்துனன் எடுத்த ஏலம்

என் மகளைத் திருடி என்று சொன்னவன் வேறு யாருமில்லை, அவளுடைய தாய்மாமன்தான். என் மனைவியின் தம்பி. வீட்டுக்குள் சொல்லியிருந்தால் வாசலோடு துரத்தியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஆட்கள் நெருக்கியடித்து நடக்கும் பாதையில் நின்றுகொண்டு, எங்கள் மேசையைக் கைகாட்டி, "அங்க வாங்காதீங்க, அத்தனையும் திருட்டு காப்பி. போலீஸ் வந்தா உங்களையும் சேர்த்துப் பிடிக்கும்" என்று கத்தினான்.

மகள் வாரநாட்களில் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். டிவிடி விற்பது கூடுதல் வருமானத்துக்கு. மூடப்போகிற கடைகளும், படங்களை வாடகைக்குக் கொடுத்து ஓய்ந்த நிலையங்களும் கழித்துக்கட்டுகிற டிஸ்க்குகளை ஏலத்தில் பெட்டி பெட்டியாக வாங்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்து விற்போம். எல்லாம் அசல். நான்கு மேசை தள்ளி மைத்துனனுக்கும் அதே வியாபாரம். அவன் கத்திய பிறகு, வந்தவர்கள் உறையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஒரு பெண்மணி முன்பு வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். மகள் தலை நிமிரவில்லை.

"விடுங்க, என் தம்பிக்கு வாய்தான் நீளம்" என்றாள் மனைவி.

"உன் தம்பிங்கிறதாலதான் இன்னும் ரெண்டு கால்ல நடக்கிறான்."

எந்த இடத்தில் சொன்னானோ அதே இடத்தில், அதே சத்தத்தில் அவன் அதை விழுங்க வேண்டும். அதற்குக் குறைந்த எதுவும் எனக்கு வேண்டாம்.

அவன் தொழில் செய்யும் விதம் எனக்குத் தெரியும். ஏலத்துக்கு முன் பெட்டிகளைத் திறந்து பார்க்க விடுவார்கள். நானும் மகளும் தரையில் உட்கார்ந்து, டிஸ்க்கை விளக்கடியில் சாய்த்துக் கீறல் பார்ப்போம். உறையின் பின்பக்கம் சிறிய உலக உருண்டைக்குள் அச்சிட்டிருக்கும் எண்ணையும் பார்ப்போம். உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். வேறு பகுதியின் எண் இருந்தால், அசலே ஆனாலும் இங்குள்ள பிளேயர்களில் ஓடாது. மைத்துனன் குனியவே மாட்டான். சட்டை மடிப்புக் கலையாமல் நின்று, நான் எந்தப் பெட்டியருகே அதிக நேரம் உட்காருகிறேன் என்று பார்ப்பான். பிறகு என்னைவிட ஒரு படி கூட்டிக் கேட்பான்.

அடுத்த ஏலம் ஒரு கிடங்கில் நடந்தது. மூலையில் ஒரு அடுக்கு, உறை பிரிக்காத புது டிஸ்க்குகள். வேறு நாட்டுக்குப் போக வேண்டியவை, அனுப்பாமலே தங்கிவிட்டன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வேற்று எண்.

"அப்பா, இது இங்க ஓடாதுப்பா" என்று காதருகே சொன்னாள் மகள்.

"தெரியும். முகத்தைச் சந்தோஷமா வச்சுக்கோ."

என்னைப் பார்த்தாள். தூணோரம் நின்ற மாமனைப் பார்த்தாள். சட்டென்று ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு, "எல்லாமே பிரிக்காததுப்பா!" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி. என் ரத்தம்.

நான் கேட்டேன், அவன் கூட்டினான். மறுபடி கேட்டேன், மறுபடி கூட்டினான். அவன் நிறுத்தியிருந்தால் மொத்தமும் என் தலையில் விழுந்திருக்கும். விழுந்தால் விழட்டும் என்றுதான் கேட்டேன். கடைசியில் கையை உதறிவிட்டு எழுந்தேன்.

"என்ன அத்தான், அதுக்குள்ள மூச்சு வாங்குதா? பென்ஷன் பத்தலையா?"

"நல்லா இருடா" என்றேன்.

அடுத்த சந்தையில் அவன் மேசையில் கூட்டம் அலைமோதியது. அதற்கடுத்த சந்தையிலும் அதே கூட்டம்தான், ஆனால் வாங்க வரவில்லை.

"கறுப்புத் திரையில ஏதோ எழுத்துதான் வருது, படத்தைக் காணோம்."

"ஊரையெல்லாம் திருட்டு காப்பின்னு சொன்னியே, உன்னோடதுதான்யா திருட்டு!"

யாரோ சந்தை மேற்பார்வையாளரை அழைத்து வந்துவிட்டார்கள். போலி விற்றால் மேசையைப் பறித்துவிடுவார்கள். மைத்துனன் எங்களிடம் ஓடிவந்தான்.

"அத்தான், இது அசல்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு ஆகாதவர் நீங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

"அசல்தான். எண்தான் வேற."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"குனிஞ்சு பார்த்தவங்க எல்லாருக்கும் தெரியும்."

அவன் முகம் வெளுத்தது. "அக்கா முகத்துக்காகவாவது..."

"அவளை இதுல இழுக்காத. அன்னைக்கு எங்க நின்னே? அங்க போய் நில்லு. என் மகளைப் பத்திச் சொன்னது பொய்னு சொல்லு."

"வீட்டுக்கு வந்து கால்ல விழறேன் அத்தான்."

"வீட்டுலயா சொன்னே?"

போய் நின்றான். முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றேன்.

"என் அக்கா பொண்ணு விக்கிறது எல்லாம் அசல். நான் சொன்னது பொய்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். மகள் தலையை நிமிர்த்தி, கூட்டத்தை நேராகப் பார்த்தாள்.

அதன் பிறகுதான் எழுந்துபோய், அவனுடைய டிஸ்க் ஒன்றை உயர்த்திக் காட்டினேன். "இது அசல். வேற நாட்டு பிளேயருக்குச் செஞ்சது. திருடினது இல்ல, திருப்பிப் பார்க்காம வாங்கினது." சிரிப்பு சந்தைக் கோடிவரை போயிற்று. மேற்பார்வையாளர் கிளம்பினார். வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பப் பெற வரிசை கட்டினார்கள். மேசை அவனுக்குத் தங்கியது. மேசைமேல் வைக்கத்தான் வேறு சரக்கு இல்லை.

அன்று மாலை மனைவி கேட்டாள்: "தெரிஞ்சே அவனைத் தள்ளிவிட்டீங்களா?"

"ஆமா."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. அவன் பாவம் என்று என் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும் என்று காத்திருக்கிறாள். அவள் கேட்ட எதையும் நான் இதுவரை மறுத்ததில்லை. இதை மட்டும் சொல்லமாட்டேன்.